இல்லறமும் போர்க்களமும்: யுலிசீஸ் கிராண்ட் வாழ்வை நினைவுகூர்தல்

போர்ப்பணி முடித்துத் திரும்பி, பின்னர் இல்லறத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றிய இரங்கலுரைகளில் இரண்டு சிறப்புரைகள் தவறாமல் இடம்பெறுகின்றன: நாட்டுக்காகப் போரிட்டவர் என்பது ஒன்று, குடும்பத்தின்மேல் குன்றாத பற்றுக் கொண்டவர் என்பது மற்றொன்று. இவை அடுத்தடுத்து எழுதப்பட்டாலும், ஒன்றோடொன்று எவ்வகையில் தொடர்புடையவை என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. படைப்பிரிவின் பெயரும் பதக்கங்களும் ஒரு பத்தியிலும், மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் அடுத்த பத்தியிலும் அமைந்துவிட, மறைந்தவர் ஒருவரையொருவர் அறியாத இரு ஆட்களாகப் பிரிந்து நின்றுவிடுகிறார். வீட்டில் கற்றது களத்தில் எங்கே பயன்பட்டது, களத்தில் பழகியது வீட்டில் எங்கே உதவியது, எங்கே கெடுத்தது என்று கேட்டால்தான் அந்த வாழ்வு ஒரே வாழ்வாகத் தெரியவரும்.

இந்தக் கேள்வியை ஒரு குறிப்பிட்ட மனிதரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) வடமாநிலங்களின் ஒன்றியப் படைகளுக்குத் தலைமை தாங்கி வென்றவரும், 1869 முதல் 1877 வரை அந்நாட்டின் 18ஆம் குடியரசுத் தலைவராக இருந்தவருமான யுலிசீஸ் எஸ். கிராண்ட் இதற்கு மிகவும் ஏற்றவர். படைத்தலைவர் என்ற முறையில் அவர் புகழும் வசையும் ஒருங்கே பெற்றவர். ஆட்சியாளர் என்ற முறையில் நெடுங்காலம் குறைத்து மதிப்பிடப்பட்டு, அண்மைக் காலத்தில் மறுபரிசீலனைக்கு உள்ளானவர். ஆயினும் அவர் வாழ்வின் திருப்பங்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது, அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தீர்மானித்தது பதவியோ கொள்கையோ அன்று, வீடே என்பது புலனாகிறது. அந்த வீட்டுப்பற்று அவருக்கு வலிமை தந்ததைப் போலவே இழப்பையும் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1. காத்திருப்பில் தொடங்கிய இல்லறம்

1822 ஏப்ரல் 27 அன்று ஒஹாயோ மாநிலத்தின் பாயிண்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் பிறந்த கிராண்ட், தோல் பதனிடும் தொழில் செய்துவந்த ஜெசி கிராண்டின் மூத்த மகன். தந்தையின் தொழிலில் கிளம்பும் இரத்த வாடையை இளமை முதலே வெறுத்த அவர், குதிரைகளைப் பழக்குவதில் மட்டும் ஊரார் வியக்கும் திறமை காட்டினார். படைத்துறையில் தமக்கு விருப்பம் இல்லாதிருந்தும் தந்தையின் ஏற்பாட்டால் வெஸ்ட் பாயிண்ட் படைப்பயிற்சிக் கல்லூரியில் 1839இல் சேர்ந்து, 1843இல் 39 பேர் கொண்ட வகுப்பில் 21ஆம் இடம் பெற்று வெளியேறினார். ஹிராம் யுலிசீஸ் என்பதே பெற்றோர் இட்ட பெயர். கல்லூரிக்குப் பரிந்துரை செய்த நாடாளுமன்ற உறுப்பினர் பிழையாக எழுதிக்கொடுத்த பெயரே வரலாற்றில் நிலைத்தது.

முதற்பணியாக மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த ஜெபர்சன் பாரக்ஸ் பாளையத்துக்கு அனுப்பப்பட்ட அவர், கல்லூரித் தோழர் பிரெடரிக் டென்ட்டின் வீட்டுக்குச் செல்லத் தொடங்கினார். அங்கேதான் தோழரின் தங்கை ஜூலியாவின் பழக்கம் ஏற்பட்டது. 1844இல் இருவரும் மணம் பேசி முடித்தனர் எனினும், மெக்சிகோவுடன் மூண்ட போர் குறுக்கிட்டதால் திருமணம் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. அந்த நான்கு ஆண்டுகளில் இருவரும் நேரில் சந்தித்தது ஒரே முறை. மற்றபடி உறவு முழுவதும் கடிதங்களிலேயே வளர்ந்தது. போர் முடிந்து திரும்பிய பின் 1848 ஆகஸ்ட் 22 அன்று செயின்ட் லூயிஸில் மணம் நடந்தது. டென்ட் குடும்பம் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த குடும்பம். கிராண்டின் தந்தையோ அடிமைமுறையை எதிர்ப்பவர். அதனால் மணமகனின் பெற்றோர் அத்திருமணத்துக்கு வரவில்லை. நாட்டை இரண்டாகப் பிளக்கவிருந்த சிக்கல் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஒரு குடும்பத்தின் மணப்பந்தலுக்குள் வந்து நின்றுவிட்டது.

மெக்சிகோ போரில் கிராண்ட் தம் படைப்பிரிவின் வழங்கல் அதிகாரியாக இருந்தார். உணவு, உடை, கூடாரம், வண்டி, கோவேறு கழுதை ஆகியவற்றைத் திரட்டி உரிய நேரத்தில் உரிய இடத்தில் சேர்ப்பிப்பது அப்பதவியின் வேலை. அது புகழ் தராத வேலை எனினும், ஒரு பெரும் படையை நடத்துவது அதற்குச் சோறு போடுவதில் தொடங்குகிறது என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றார். வலிமை மிக்க நாடு வலிமை குன்றிய நாட்டின்மேல் தொடுத்த அநீதியான போர் என்றே அந்தப் போரைப் பிற்காலத்தில் அவர் எழுதினார்.

2. பதவி துறந்த ஆறு ஆண்டுகள்

திருமணத்துக்குப் பின்னான முதல் சோதனை 1852இல் வந்தது. கிராண்டின் படைப்பிரிவு பசிபிக் கடற்கரைக்கு மாற்றப்பட்டது. பனாமா நிலவழியாகக் கடந்து செல்ல வேண்டிய அப்பயணம் கருவுற்றிருந்த ஜூலியாவுக்குப் பாதுகாப்பற்றது என்பதால் அவரும் இரண்டு வயது மூத்த மகன் பிரெடும் ஊரிலேயே தங்கினர். பனாமாவில் காலரா பரவி, படையினரும் அவர்களுடன் சென்ற குடும்பத்தினரும் பெருந்தொகையாக மாண்டனர்; அவர்களுக்கு மருத்துவ உதவியும் வண்டி வசதியும் செய்யும் பொறுப்பு கிராண்டின் தலையில் விழுந்தது. தம் மனைவி உடன் வராததைப் பற்றி அவர் ஆறுதல் கொண்டிருக்கக்கூடிய காலம் அது ஒன்றுதான்.

மேற்குக் கடற்கரையில் அவர் கழித்த இரண்டு ஆண்டுகள் தனிமையின் ஆண்டுகள். ஓர் அதிகாரியின் சம்பளத்தில் குடும்பத்தை அங்கே அழைத்துவந்து வைத்துக்கொள்ள இயலாது; கூடுதல் வருமானத்துக்காக அவர் பனிக்கட்டி விற்பது, உருளைக்கிழங்கு பயிரிடுவது என்று தொட்டதெல்லாம் நட்டத்தில் முடிந்தன. கடிதங்கள் வந்துசேர மாதக்கணக்கில் ஆயின. 1852 ஜூலையில் பிறந்த இரண்டாம் மகனின் முகத்தை அவர் அதுவரை கண்டதே இல்லை. குழந்தையின் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் அதன் ஓரம் வரைந்து ஜூலியா அனுப்பிய கடிதத்தை உடன் இருந்தோரிடம் காட்டிவிட்டு, பேச முடியாமல் அவர் எழுந்து சென்றுவிடுவார் என்று அந்தப் பாளையத்தில் வாழ்ந்த ஒரு படைவீரரின் மனைவி பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர் குடிப்பழக்கத்துக்கு ஆளானார் என்ற பேச்சும் இக்காலத்தில்தான் தோன்றி, ஆயுள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

1854 ஏப்ரலில், காப்டன் பதவி உறுதியான அதே வேளையில், கிராண்ட் பணி விலகல் கடிதம் எழுதினார். செய்தியறிந்த தந்தை, மகன் படைத்துறையை விட்டால் பிழைக்கமாட்டான் என்று அஞ்சி, விலகலை ரத்துசெய்யுமாறு போர்த்துறைச் செயலருக்கு எழுதினார், செயலர் மறுத்துவிட்டார். அந்தச் செயலர், ஏழாண்டுகளுக்குப் பின் தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவராகி கிராண்டிடம் தோற்கவிருந்த ஜெபர்சன் டேவிஸ். இவ்வாறாகக் கிராண்ட் முப்பத்திரண்டு வயதில், ஓய்வூதியமோ சேமிப்போ இல்லாத முன்னாள் படைவீரராக வீடு திரும்பினார். படைத்துறை வரலாற்றின் கண்ணில் இது ஒரு தோல்வி. குடும்ப வரலாற்றின் கண்ணில் இது தெளிந்து செய்த தேர்வு. இரண்டு பார்வைகளும் ஒரே செயலைப் பற்றியவை என்பதே கவனிக்கத்தக்கது.

அடுத்த ஆறு ஆண்டுகளின் வறுமை மிகவும் வெளிப்படையானது. மாமனார் கொடுத்த நிலத்தில் மரங்களை வெட்டித் தம் கையால் ஒரு மரவீடு கட்டி, உழைத்தும் வயிற்றைக் கழுவ முடியாத இடம் என்ற பொருள்படும் ‘ஹார்ட்ஸ்கிராபிள்’ என்ற கேலிப்பெயரை அதற்கு அவரே இட்டார். விளைச்சல் பொய்த்த நாட்களில் விறகு வண்டியை ஓட்டிச் சென்று செயின்ட் லூயிஸ் தெருக்களில் விற்றார். பழைய படைத்தோழர்கள் அந்தக் கோலத்தில் அவரைக் கண்டு திகைத்தனர். 1857 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாட்களுக்கு முன், தம் பொன் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்ததற்கான சீட்டு இன்றும் உள்ளது. அதற்குள் அவர் மூன்று பிள்ளைகளின் தந்தை. நான்காம் பிள்ளை ஆறு வாரங்களில் பிறக்கவிருந்தது.

இந்த வறுமையின் நடுவே நிகழ்ந்த ஒரு செயல் தனியே நோக்கத்தக்கது. மாமனாரிடமிருந்து அவருக்கு வந்துசேர்ந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற கறுப்பின அடிமையை 1859 மார்ச் 29 அன்று நீதிமன்றத்தில் பத்திரம் எழுதிக்கொடுத்து அவர் விடுவித்தார். உடல் வலிமையுள்ள ஒரு மனிதரை விற்றால் அன்று பல நூறு டாலர்கள் கிடைத்திருக்கும். வீட்டு வாடகைக்கே வழி தேடிக்கொண்டிருந்தவர் அந்தத் தொகையை நாடவில்லை. அதே வேளையில், ஒரு மனிதரை உடைமையாக வைத்திருந்த காலம் ஒன்று அவர் வாழ்வில் இருந்தது என்பதும், மனைவி வழிக் குடும்பத்தின் அடிமை உழைப்பால் அவர் வீடும் பயன்பெற்றது என்பதும் மறைக்கத்தக்கவை அல்ல.

1860இல் வேறு வழியின்றி இல்லினாய் மாநிலத்தின் கலீனா நகரில் தந்தையின் தோல்பொருள் கடையில், தம்மைவிட இளைய தம்பியரின் கீழ் எழுத்தராகச் சேர்ந்தார். இளமையில் வெறுத்து ஓடிய அதே தொழிலுக்கு முப்பத்தெட்டாம் வயதில் திரும்பியது வீட்டுக்காக என்பதில் ஐயமில்லை.

3. போர்க்களத்தில் குடும்பம்

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, பயிற்சி பெற்ற அதிகாரிகள் தேவைப்பட்டதால் கிராண்ட் இல்லினாய் 21ஆம் காலாட்படையின் கர்னலாக மீண்டும் சேர்ந்தார். பின்வந்த வெற்றிகள் நன்கு அறியப்பட்டவை: 1862 பிப்ரவரியில் டொனல்சன் கோட்டை, ஏப்ரலில் பேரிழப்புடன் ஷைலோ, 1863 ஜூலை 4 அன்று மிசிசிப்பி ஆற்றின் திறவுகோலாகிய விக்ஸ்பர்க், நவம்பரில் சட்டனூகா, 1864 மார்ச்சில் ஒன்றியப் படைகள் அனைத்துக்குமான தலைமை. குறைவாக அறியப்பட்டது, இவ்வளவுக்கும் இடையில் குடும்பம் அவருடைய பாளையத்தை விட்டு நீண்ட காலம் விலகியிருக்கவில்லை என்பது. மேற்குக் கடற்கரையின் இரண்டு ஆண்டுகள் அவருக்குக் கற்பித்த பாடம் அது. போர் நிலவரம் இடம்தரும் போதெல்லாம் ஜூலியாவும் பிள்ளைகளும் தலைமையகத்துக்கு வந்து தங்கினர். மூத்த மகன் பிரெட் பன்னிரண்டாம் வயதில் விக்ஸ்பர்க் படையெடுப்பில் தந்தையுடன் சென்று, பிக் பிளாக் ஆற்றுப் பாலத்தருகே காலில் குண்டுக் காயம் பட்டான். சிறுவனைப் போர்முனைக்கு அழைத்துச் சென்றது அன்பா, பொறுப்பின்மையா என்று இன்றைய வாசகர் கேட்கலாம்; அந்தக் கேள்வி நியாயமானது. வர்ஜீனியாவில் சிட்டி பாயிண்ட் தலைமையகத்தின் கூடாரத்தில், நாட்டின் முழுப் படையையும் ஆண்ட தலைவர் தம் பையன்களோடு தரையில் புரண்டு மல்யுத்தம் செய்துகொண்டிருந்ததைத் துணையதிகாரி ஹொரஸ் போர்ட்டர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

ஜூலியாவுக்குப் பிறவியிலிருந்தே மாறுகண். கணவர் புகழ்பெற்றுப் பலர் கண்ணிலும் படும் நிலை வந்தபோது அறுவை சிகிச்சை செய்துகொள்ள அவர் மருத்துவரை அணுகினார். காலம் கடந்துவிட்டது என்று மருத்துவர் கூற, அவர் கணவரிடம் வருந்தினார். இந்தக் கண்களைக் கண்டுதானே உன்மேல் அன்பு கொண்டேன், இவற்றில் கை வைக்காதே என்ற கருத்துப்பட அவர் விடையளித்ததாக ஜூலியா தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார்.

1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்பொமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்ற ஊரில் தென்படைத் தலைவர் ராபர்ட் லீ சரணடைந்தபோது கிராண்ட் எழுதிய நிபந்தனைகள், இல்லறத்தாரும் படைத்தலைவரும் ஒரே ஆளாகத் தெரியும் இடம். சரணடைந்தோர் சிறை செல்ல வேண்டியதில்லை. மீண்டும் ஆயுதம் ஏந்துவதில்லை என்று உறுதியளித்து வீடு திரும்பும் பரோல் முறை பின்பற்றப்பட்டது. தென்படையின் குதிரைவீரர்களும் பீரங்கிப் படையினரும் சொந்தக் குதிரைகளையே ஏறிவந்தவர்கள் என்று லீ எடுத்துக்கூறியதும், எழுதிய நிபந்தனையை மாற்றாமலேயே, தம் குதிரை என்றும் கோவேறு கழுதை என்றும் உரிமை கோருவோர் அவற்றை வசந்தகால உழவுக்கு வீட்டுக்கு ஓட்டிச்செல்ல அனுமதிக்குமாறு கிராண்ட் ஆணையிட்டார். அந்தக் குதிரைகள் இல்லாவிட்டால் இந்தச் சிறு உழவர்கள் தம் குடும்பத்தோடு அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவது ஐயம் என்பது தமக்குத் தோன்றியதாக அவர் தம் நினைவுநூலில் விளக்கியிருக்கிறார். ஹார்ட்ஸ்கிராபிளில் ஏர் பிடித்து, குளிர்காலத்துக்குப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று கணக்குப் பார்த்தவருக்குத்தான் சரணடைவு மேசையில் இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். பசித்திருந்த லீயின் படைக்கு 25,000 பேருக்கான உணவு அனுப்பியதும் பழைய வழங்கல் அதிகாரியின் கையே.

ஐந்து நாட்களுக்குப் பின், ஏப்ரல் 14 மாலை, வாஷிங்டன் நகரில் நாடகம் பார்க்க உடன் வருமாறு குடியரசுத் தலைவர் லிங்கன் விடுத்த அழைப்பைக் கிராண்ட் தம்பதியர் ஏற்கவில்லை. நியூஜெர்சி மாநிலத்தின் பர்லிங்டனில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்க்க ரயிலேறினர். அன்றிரவுதான் லிங்கன் ஃபோர்டு நாடக அரங்கில் சுடப்பட்டார்.

4. பாசத்தின் நிழல்

குடும்பப் பற்று எப்போதும் நன்மையையே விளைத்தது என்று கூறினால் அது புகழுரையாகுமே தவிர ஆராய்ச்சியாகாது. 1862 டிசம்பரில், தம் ஆட்சிக்குட்பட்ட போர்ப்பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்றக் கிராண்ட் பிறப்பித்த 11ஆம் பொது ஆணை அவருடைய வாழ்வின் மிகப் பெரிய களங்கம். பஞ்சுக் கள்ளவணிகத்தைத் தடுப்பதாகச் சொல்லி ஒரு சமயத்தார் முழுவதையும் தண்டித்த அந்த ஆணையை லிங்கன் அடுத்த மாதமே ரத்து செய்தார். மகனின் செல்வாக்கைக் காட்டிப் பஞ்சு வாங்கும் அனுமதி பெறுவதற்காக, தந்தை ஜெசி அதே நாட்களில் யூத வணிகர் சிலருடன் கூட்டுச் சேர்ந்து பாளையத்துக்கு வந்திருந்தார். தந்தைமேல் எழுந்த சினம் அவரைச் சாராத ஒரு மக்கள்மேல் பாய்ந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். பின்னாளில் கிராண்ட் அந்த ஆணைக்காக வருந்தினார். தம் ஆட்சியில் யூதர்களைப் பல பொறுப்புகளில் அமர்த்தினார்.

குடியரசுத் தலைவராக அவர் செய்தவற்றுள், கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை உறுதி செய்த 15ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு (1870) அளித்த ஆதரவும், நிறவெறி வன்முறைக் கும்பலாகிய கூ க்ளக்ஸ் கிளானை ஒடுக்க 1871இல் இயற்றிய சட்டத்தைச் செயல்படுத்தியதும் இன்று உயர்வாக மதிக்கப்படுகின்றன. ஆனால் மைத்துனர்களும் உறவினர்களும் அரசுப் பதவிகள் பெற்றனர். நம்பியவரைக் கைவிடாத இயல்பு, நம்பத்தகாதவரையும் கைவிடாத பிடிவாதமாகியது. சாராய வரியை ஏய்த்த ‘விஸ்கி வளையம்’ என்ற ஊழலில் தம் செயலர் ஆர்வில் பாப்காக் குற்றஞ்சாட்டப்பட்டபோது, அவருக்குச் சார்பாகக் கிராண்ட் எழுத்துமூலச் சாட்சியம் அளித்தார். போர்க்களத்தில் துணையதிகாரிகளிடம் காட்டிய அதே உறுதியான நம்பிக்கைதான் இதுவும். களம் மாறியதும் குணம் குறையாயிற்று.

5. வீழ்ச்சியும் நூலும்

பதவிக்காலம் முடிந்து, ஜூலியாவுடன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உலகைச் சுற்றிவந்து, 1879இல் இந்தியாவில் பம்பாய், ஆக்ரா, கல்கத்தா ஆகிய நகரங்களையும் கண்டு திரும்பிய கிராண்ட் நியூயார்க்கில் குடியேறினார். அவருடைய இரண்டாம் மகன், கண்ணால் காணுமுன் கைவடிவமாகத் தந்தையிடம் வந்துசேர்ந்த அதே மகன், பெர்டினாண்ட் வார்டு என்ற இளைஞருடன் கூட்டாக ‘கிராண்ட் அண்டு வார்டு’ என்ற நிதி நிறுவனத்தை நடத்தினார். மகன்மேல் வைத்த நம்பிக்கையில் தந்தையும் தம் பெயரையும் பணத்தையும் அதில் போட்டார். வார்டு செய்தது, புதிதாகச் சேர்வோரின் முதலை எடுத்துப் பழையவர்களுக்கு லாபமாகக் கொடுப்பதும், ஒரே கடன்பத்திரத்தைப் பல இடங்களில் ஈடு காட்டிக் கடன் வாங்குவதும். இன்று நிதி நிறுவன மோசடி என்று நாளிதழ்களில் படிப்பதன் பழைய வடிவம் அது. நிறுவனம் தள்ளாடியபோது, வார்டின் சொல்லை நம்பிக் கிராண்ட் ரயில்பாதை அதிபர் வில்லியம் வாண்டர்பில்ட்டிடம் 1,50,000 டாலர் கைமாற்று வாங்கிவந்தார். இரண்டு நாட்களில், 1884 மே 6 அன்று, எல்லாம் கவிழ்ந்தது. அன்று கிராண்டின் கையில் எஞ்சியது ஏறத்தாழ 80 டாலர்.

கடனை மறந்துவிடுமாறு வாண்டர்பில்ட் சொன்னதைக் கிராண்ட் ஏற்கவில்லை; வீடு, நிலம் ஆகியவற்றோடு போரில் பெற்ற வாள்கள், பதக்கங்கள், பல நாடுகள் அளித்த பரிசுகள் வரை எழுதிக்கொடுத்தார். அப்பொருள்கள் பின்னர் நாட்டின் உடைமையாகி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஓய்வுபெற்ற குடியரசுத் தலைவருக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1958இல்தான் வந்தது; பதவியேற்க வேண்டி 1869இல் படைப்பதவியைத் துறந்ததால் படைத்துறை வருமானமும் இல்லை. அந்தப் படைப்பதவி 1885 மார்ச் 4 அன்றுதான் நாடாளுமன்றத்தால் அவருக்குத் திரும்ப அளிக்கப்பட்டது.

1884 கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கியபோது தொண்டையில் எரிந்த வலி, அந்த இலையுதிர்காலத்தில் நாக்கின் அடிப்பகுதியில் தோன்றிய புற்றுநோய் என்று கண்டறியப்பட்டது. பிழைக்க வழியில்லை என்பது தெரிந்த நிலையில், மனைவிக்கு விட்டுச்செல்லத் தம் நினைவு ஒன்றைத் தவிர விலைபோகும் பொருள் எதுவும் அவரிடம் இல்லை. ‘செஞ்சுரி’ இதழுக்கு ஷைலோ போர் பற்றி 500 டாலர் ஊதியத்தில் கட்டுரை எழுதத் தொடங்கியிருந்த அவரை, எழுத்தாளர் மார்க் ட்வைன் அணுகி, லாபத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு தருவதாகச் சொல்லித் தம் பதிப்பகத்துக்காக முழு நூலையும் எழுத ஒப்பந்தம் செய்துகொண்டார்.

அந்த நூல் எழுதப்பட்ட முறை அவர் போர் நடத்திய முறையே. நாள்தோறும் இவ்வளவு என்று வரையறுத்துக்கொண்டு, நிலப்படங்களையும் ஆணைகளையும் பக்கத்தில் பரப்பி, மகன் பிரெட் செய்திகளைச் சரிபார்க்க, பகலெல்லாம் எழுதினார். கை ஓய்ந்தபோது சுருக்கெழுத்தரிடம் சொன்னார். குரல் போனபின் மீண்டும் பென்சிலை எடுத்தார். படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு தோல் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தபடியே உறங்கினார். வலி தணிக்கும் மருந்து எண்ணத்தை மங்கச் செய்யும் என்று அதைக் கூடியவரை தள்ளிப்போட்டார். 1885 ஜூன் 16 அன்று நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதியாகிய மவுண்ட் மெக்ரெகரில் ஒரு குடிலுக்குக் குடும்பத்தோடு சென்று, ஜூலையில் நூலை முடித்தார். முடித்த சில நாட்களில், ஜூலை 23 காலை, மனைவி மக்கள் சூழ்ந்திருக்க உயிர்நீத்தார்.

முன்னாள் படைவீரர்கள் சீருடையோடு வீடுவீடாகச் சென்று முன்பதிவு திரட்டிய அந்த இரு தொகுதி நூல் 3,00,000 படிகளுக்கு மேல் விற்றது. 1886 பிப்ரவரியில் ஜூலியாவுக்குக் கிடைத்த முதல் காசோலை 2,00,000 டாலருக்கானது. மொத்தத்தில் 4,00,000 டாலருக்கு மேல் குடும்பத்துக்கு வந்தது.

6. நூலில் இல்லாதது

இத்தனைக்கும், 1,200 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலில் குடும்பம் மிகச் சிறிய இடத்தையே பெறுகிறது. திருமணம் சில வரிகளில் கடந்து போகிறது; பிள்ளைகள் அரிதாகவே தென்படுகின்றனர்; வறுமையின் ஆண்டுகள் சுருக்கமாக முடிகின்றன; குடியரசுத் தலைவர் பதவிக்காலம் பேசப்படவே இல்லை. நூல் அமெரிக்கப் படைவீரருக்கும் கடற்படைவீரருக்கும் உரிமையாக்கப்பட்டிருக்கிறது, ஜூலியாவுக்கு அன்று. ஒரு நூலின் உள்ளடக்கத்தை மட்டும் வைத்து ஆசிரியரை மதிப்பிடுவோருக்கு இவர் போரைத் தவிர வேறொன்றையும் எண்ணாதவராகத் தோன்றுவார். எழுத நேர்ந்த காரணத்தையும் எழுதிய நிலையையும் சேர்த்துப் பார்த்தால், அதன் ஒவ்வொரு பக்கமும் வீட்டுக்கடமை தீர்க்க எழுதப்பட்டது என்பது தெளிவாகும். குடும்பப் பற்று இங்கே பேசுபொருளாக இல்லை. உழைப்புக்கு உந்துதலாக இருக்கிறது. சொல்லில் தேடினால் கிடைக்காத அது, செயலில் தேடினால் எங்கும் கிடைக்கிறது.

அடக்கம் பற்றிய அவருடைய முடிவும் இதே இயல்பினது. பயின்ற கல்லூரியாகிய வெஸ்ட் பாயிண்ட்டில் அடக்கம் பெறுவது படைத்தலைவருக்கு இயற்கையான விருப்பம். அங்கே தம் மனைவிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது என்பதால் அவர் அதை விலக்கினார். நியூயார்க் நகரம் இடமளிக்க முன்வந்தபோது, ஜூலியாவுக்கும் அருகில் இடம் வேண்டும் என்பதே நிபந்தனையாக இருந்தது. 1885 ஆகஸ்ட் 8 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தைப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டதாக மதிப்பிடப்படுகிறது. வடபடையின் ஷெர்மன், ஷெரிடன் ஆகியோருடன் எதிர்த்துப் போரிட்ட தென்படைத் தலைவர்கள் ஜோசப் ஜான்ஸ்டன், சைமன் பக்னர் ஆகியோரும் பெட்டிக்குத் துணைநின்றனர். 1897 ஏப்ரல் 27 அன்று திறக்கப்பட்ட பெருங்கல்லறையில், 1902இல் மறைந்த ஜூலியாவும் அவருக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டார். ஜூலியா எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பு 1975இல்தான் அச்சேறியது. அதன்பிறகே கிராண்டின் வாழ்வில் வீட்டுக்கிருந்த பங்கு ஆய்வாளர்களுக்கு உள்ளிருந்து தெரியவந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நினைவேந்தல் எழுதுவோர் பெறத்தக்க முறை ஒன்று உண்டு. படைவீரர் என்பதற்கு ஒரு பட்டியல், குடும்பத்தலைவர் என்பதற்கு ஒரு பட்டியல் என்று வகுப்பதைவிட, மறைந்தவர் எடுத்த பெரிய முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் வீடு எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்பது பயனுடையது. 1854இல் வீடு அவரைப் பதவியிலிருந்து இழுத்தது. 1862இல் தந்தைமேல் எழுந்த சினம் அவரை அநீதிக்கு இழுத்தது. 1865இல் வீட்டின் நினைவு எதிரிக்கும் இரங்கச் செய்தது. 1884இல் மகன்மேல் வைத்த நம்பிக்கை அவரை ஓட்டாண்டியாக்கியது. 1885இல் மனைவிமேல் இருந்த கடமை ஒரு சிறந்த நூலை எழுதுவித்தது. இவற்றுள் சிலவற்றை மட்டும் தேர்ந்து வைத்தால் பாராட்டுரையோ குற்றப்பத்திரிகையோ கிடைக்கும். அனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான், பற்று என்பது நல்லொழுக்கங்களின் பட்டியலில் ஓர் அணிகலன் என்ற நிலை மாறி, ஒரு வாழ்வை நடத்திச்சென்ற விசை என்ற உண்மை விளங்கும். புகழ்பெறாத படைவீரர் ஒருவரின் வாழ்வை அவருடைய பிள்ளைகள் எழுத அமரும்போதும், அவர் பணியாற்றிய படைப்பிரிவின் பெயரைக் கேட்டறிவதோடு நிறுத்தாமல், எந்த விடுப்பை எதற்காக எடுத்தார், எந்தப் பதவி உயர்வை எதற்காக வேண்டாமென்றார், யாருக்காகக் கடன்பட்டார், அதை எப்படி அடைத்தார் என்பவற்றையும் கேட்டு எழுதுவார்களானால், அந்த எழுத்து மறைந்தவருக்குச் செய்யும் மரியாதையாக மட்டுமன்றி நம்பத்தக்க வரலாறாகவும் அமையும்.